சத்தம் வெளியே போகாத ரூம்

நகரி பச்சையப்பனுக்குக் காது போய் ரொம்ப காலமாயிற்று. அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் கூட இருந்தவர்களுக்குத்தான். அவர் டி.வி. போட்டால் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் நாளைக்கு எந்த ஊரில் மழை என்று தெரிந்துவிடும்.

காதைக் கொண்டுபோனது பவர்லூம். அண்ணன் தம்பிகள் பங்கு போட்டுக்கொண்டால் ஆளுக்கொரு வரப்புதான் மிஞ்சும் என்கிற அளவுக்கு நிலம் வைத்திருந்த குடும்பம் அவருடையது. தன் வரப்பையும் அண்ணன்மாருக்கே விட்டுவிட்டு, மீசை முளைக்கும் முன்பே ஆந்திர எல்லையிலிருக்கும் நகரிக்குத் தறி ஓட்ட வந்தார். முதலில் அடுத்தவன் தறி, பிறகு வாடகைத் தறி, கடைசியில் சொந்தமாக நாலு தறி. அந்தத் தடதடப்புக்குள் ஆயுசில் பாதியை நின்றே கழித்தார். ஷெட்டுக்குள் யார் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை, வாயை மட்டும் அசைப்பார்கள். எதிர்த் தறியில் நிற்கும் கங்கையா முதலாளியின் மச்சினியைப் பற்றி என்ன சொல்கிறான் என்பதைப் பச்சையப்பன் நூல் அறுந்ததைப் பார்த்துக்கொண்டே உதட்டில் படித்துவிடுவார். தமிழ் உதடும் தெரியும், தெலுங்கு உதடும் தெரியும். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்து பேசும் நகரி உதடு இன்னும் நன்றாகத் தெரியும்.

இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளத்தான் யாருக்கும் நேரமில்லை.

மகன் ஜெயபிரகாஷ் ரேணிகுண்டா பக்கம் ஒரு கம்பெனியில் மேனேஜர். பொறுப்பான பிள்ளை. திருப்பதிக்குக் கூட்டிப்போய்க் காதுமெஷின் வாங்கிக் கொடுத்தான். அதை மாட்டினால் மனைவி சுந்தரம்மா அடுப்படியில் தட்டு அடுக்குவது மண்டைக்குள்ளேயே வந்து அடுக்குவது போலிருந்தது. பச்சையப்பன் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அது பைக்குள் கிடந்தபடி கூய்... என்று கத்தும். ஊருக்கெல்லாம் கேட்கும். அவருக்கு மட்டும் கேட்காது.

பிரச்சினை மருமகள் தரணி வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்ததும் முற்றியது. கம்ப்யூட்டர் வேலை. எந்நேரமும் கடல் தாண்டி யாரிடமாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் அவள் முக்கியமான மீட்டிங்கில் இருந்தபோது, ஹாலில் பச்சையப்பன் பார்த்துக்கொண்டிருந்த சீரியலில் ஒரு மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். மீட்டிங்கில் இருந்த வெள்ளைக்காரர் பேச்சை நிறுத்தி, "உங்கள் வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா?" என்று கேட்டு அனுதாபம் தெரிவித்தார். தரணியை மீட்டிங்கை விட்டுப் போய் அழச் சொல்லி அனுமதியும் கொடுத்தார்.

அதற்கப்புறம்தான் ஜெயபிரகாஷுக்குத் தகப்பன் மேல் பாசம் பொங்கியது.

"நைனா, மாடியில உனக்குன்னு தனியா ஒரு ஹோம் தியேட்டர் கட்டறேன்" என்று தகப்பன் முகத்துக்கு நேராக நின்று சொன்னான். "பெரிய டி.வி., பெரிய சோபா. நீ பாட்டுக்கு ஜாலியா பாத்துக்கினு இருக்கலாம்."

பச்சையப்பன் அன்றைக்கே நகரி பஜாரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பழைய ஷெட்டில் கூட நின்ற கங்கையாவுக்கும் முனிகிருஷ்ணனுக்கும் டீ வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னார். உதடு அசைத்தே சொல்லியிருக்கலாம். பெருமை தாங்காமல் கத்திச் சொன்னார். பஜாரே கேட்டது.

மாடியில் வேலை நடந்தது. ஜன்னலைச் சுவர் வைத்து அடைத்தார்கள். நாலு சுவரிலும் கூரையிலும் மெத்தை மெத்தையாக ஸ்பாஞ்ச் ஒட்டினார்கள். உட்காரும் இடத்தில் ஒட்ட வேண்டியதைச் சுவரில் ஏன் ஒட்டுகிறார்கள் என்று சுந்தரம்மாவுக்கு விளங்கவில்லை. நகை வைக்கும் லாக்கருக்குப் போடுகிற மாதிரி கனத்தில் ஒரு கதவு வந்தது. மகன் தனக்காக எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறான் என்று பச்சையப்பன் கதவைத் தட்டித் தட்டிப் பூரித்தார்.

டி.வி. வாங்க நாலு பேரும் காரில் திருப்பதிக்குப் போனார்கள். மூன்று மாடிக் கடை. உள்ளே போனால் ஊட்டி குளிர். ஒரு மாடி முழுக்க டி.வி. மாட்டி வைத்திருந்தார்கள். எல்லா டி.வி.யிலும் ஒரே மீன் நீந்திக்கொண்டிருந்தது. பளிச்சென்ற ஆரஞ்சு மீன். வாயைத் திறந்து திறந்து மூடியது. பச்சையப்பன் பழக்கதோஷத்தில் அதன் வாயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

யஸ்வந்த் என்று சட்டையில் பெயர் குத்திய சேல்ஸ்மேன் வந்து மாட்டிக்கொண்டான். கறுப்பு எவ்வளவு கறுப்பு என்று விளக்கினான். ஆயிரம் வகைச் சிவப்பு இருப்பதைச் சொன்னான். பாதிக்கு மேல் இங்கிலீஷ். அந்த உதடு பச்சையப்பனுக்குப் பிடிபடவில்லை. ஜெயபிரகாஷ் எல்லாம் தெரிந்தவன் மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தான். முந்தின நாள் முழுக்க போனில் இதையேதான் படித்திருந்தான், அதனால் தலையாட்டல் நன்றாகவே வந்தது.

"தம்பி, மீனு வேணாம். ஆளு பேசறத போடு" என்றார் பச்சையப்பன்.

"பெத்தாயனா, மீன்லதான் கலர் நல்லா தெரியும்" என்று பெரியவருக்குத் தெலுங்கு மரியாதை கொடுத்துச் சொன்னான் சேல்ஸ்மேன்.

"மீன நான் கொழம்புல பாத்துக்கறேன். நியூஸ் போடு."

நியூஸ் போட்டான். பச்சையப்பன் ஒவ்வொரு டி.வி. முன்னாலும் போய் நின்று வாயைப் பார்த்தார். சிலதில் வேகமாகப் பேசினால் உதடு இழுபட்டது. சிலதில் பல் தெரிந்த அளவுக்கு உதடு தெரியவில்லை. கடைசிச் சுவரில் எண்பத்தைந்து இஞ்ச் ஒன்று தொங்கியது. அதில் நியூஸ் வாசிக்கிற பெண்ணின் வாய் வாசற்படி அகலத்துக்கு இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வெளியே வந்து நின்றது. பச்சையப்பன் அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு தெளிவாக யாரும் அவரிடம் பேசி வெகுநாளாயிற்று.

சுந்தரம்மா சாய்வு நாற்காலி ஒன்றைக் கண்டுபிடித்துக் காலை நீட்டிக்கொண்டாள். மகனும் மருமகளும் சேல்ஸ்மேனைத் தள்ளிக்கொண்டு ஃப்ரிட்ஜ் வரிசைப் பக்கம் ஒதுங்கினார்கள். காது கேட்காதவரிடமிருந்து ரகசியம் பேச அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. ஆனாலும் மரியாதை தெரிந்த பிள்ளைகள்.

பச்சையப்பன் எதேச்சையாகத் திரும்பினார். கடையில் வெளிச்சத்துக்குக் குறைச்சல் இல்லை. மூன்று வாயும் நேராகத் தெரிந்தது.

"அவருக்கு எத போட்டாலும் ஒண்ணுதான்பா" என்றது ஜெயபிரகாஷின் வாய். "சத்தம் ரூமவிட்டு வெளிய போவக் கூடாது, அவ்ளோதான். அதுக்குத்தான் அந்த ரூமே."

"கதவ சாத்திட்டா கீழ நிம்மதி" என்றது தரணியின் வாய். "டிபன், சாப்பாடு எல்லாம் மேலயே அனுப்பிடலாம். அவரு எறங்கி வர வேலையே இருக்காது."

"மா இன்ட்லோ கூடா அந்தே சார்" என்று தன் வீட்டிலும் இதே கதைதான் என்பதைத் தெலுங்கில் சொல்லி ஆறுதல்பட்டுக்கொண்டான் சேல்ஸ்மேன். பிறகு குரலைத் தாழ்த்தியிருப்பான் போல, தலை குனிந்தது, வாய் மறையவில்லை. "டிஸ்ப்ளேல இருந்த பீஸ் ஒண்ணு இருக்கு. ஓரத்துல ஒரு கோடு விழும். ரேட்டு கொறச்சுத் தர்றேன். பெரியவருக்கு ஒண்ணும் தெரியாது."

ஜெயபிரகாஷ் யோசித்தான். அப்புறம் தலையாட்டினான்.

கதவின் கனத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தது பச்சையப்பனுக்கு ஞாபகம் வந்தது. பஜாரில் கத்தியதும் ஞாபகம் வந்தது. கோபம் உடனே வரவில்லை, வெட்கம்தான் வந்தது. சாப்பாட்டு விஷயம்தான் உள்ளே போய்க் குத்தியது. ஒரு நாளில் சாப்பிடும்போது மட்டும்தான் அவருக்கு வீட்டு வாய்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். யாரும் அவரிடம் தனியாக ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் யாருக்குக் கல்யாணம், எந்தக் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள், அவருக்குத் தெரியக் கூடாதென்று வைத்திருக்கும் சங்கதி எது, எல்லாம் சோற்றோடு சோறாக உள்ளே போகும். அந்தத் தட்டைத்தான் மாடிக்கு அனுப்பப் போகிறார்கள்.

எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஃப்ரிட்ஜ் வரிசைக்கு நடந்தார். மூன்று பேரும் சிரித்த முகத்தோடு வரவேற்றார்கள்.

"கோடு விழுந்தது வேணாம்பா" என்றார் சேல்ஸ்மேனிடம். தறி ஷெட்டில் யாரையும் கத்திக் கூப்பிடாத மனுஷர், இங்கே மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "நல்ல பீஸா குடு. அதோ, அந்த எம்பத்தஞ்சு."

சேல்ஸ்மேனின் வாய் திறந்தது. மீன் மாதிரியே எதுவும் வராமல் மூடியது.

"நைனா, அது வந்து..." என்றான் ஜெயபிரகாஷ்.

"எனக்கு எத போட்டாலும் ஒண்ணுதான்னு சொன்னியே, அப்போ அதையே போடு." தரணியின் பக்கம் திரும்பினார். "சோறு மட்டும் மேல அனுப்ப வேணாம்மா. கால் நல்லாத்தான் கீது. நானே எறங்கி வந்து துன்னுட்டுப் போறேன்."

தரணி போனை எடுத்து, அணைந்து கிடந்த திரையை மும்முரமாகப் படித்தாள். சுந்தரம்மா நாற்காலியிலிருந்து, "இன்னாய்யா அங்க சத்தம்?" என்றாள்.

எண்பத்தைந்துதான் வாங்கினார்கள். வேறு வழி? திரும்புகையில் திருச்சானூரில் தாயார் சன்னதியில் கும்பிட்டார்கள். ஜெயபிரகாஷ் ரொம்ப நேரம் கண்ணை மூடி நின்றான். காரை அவனேதான் ஓட்டினான். டிரைவர் சீட்டுக்கு மேலிருக்கும் கண்ணாடியில் தன் வாய் பின்சீட்டுக்குத் தெரியும் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் உறைத்திருந்தது. புத்தூர் தாண்டும்போது ஒரு முறை, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "தப்புதான் நைனா" என்று உதட்டை மட்டும் அசைத்தான். பச்சையப்பன் கண்ணாடியில் படித்தார். "ரோட்ட பாத்து ஓட்டு" என்றார்.

டி.வி. மாடிக்கு ஏறியது. சுற்றிலும் ஸ்பீக்கர் வந்தது, சோபாவுக்கு அடியிலும் ஒன்று. மறுநாளிலிருந்து மத்தியானம் ஆனால் கங்கையாவும் முனிகிருஷ்ணனும் வந்துவிடுவார்கள். பழைய ஷெட் ஆட்கள் இன்னும் ரெண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அத்தனை பேருக்கும் காது பச்சையப்பன் காதுதான். கனமான கதவைச் சாத்திக்கொண்டால் கீழே ஒரு சத்தமும் வராது. போட்ட காசு வீண் போகவில்லை என்று தரணியும் ஜெயபிரகாஷும் மெத்தையின் மகிமையைப் பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் டீ கொண்டுபோன தரணி கதவைத் திறந்தாள். உள்ளே சுவர் அகலத்துக்கு ஒரு கதாநாயகி கையை ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. கிழவர்கள் வரிசையாக உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே ஒருவருக்கொருவர் உதடு அசைத்து அபிப்பிராயம் சொல்லிக்கொண்டார்கள். தெலுங்கில் எடுத்துத் தமிழில் குரல் கொடுத்த படம். அவர்களுக்கு மட்டும் அது தெலுங்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, ஸ்பீக்கர் ரிப்பேரா?" என்று தரணி முன்னால் வந்து நின்று கேட்டாள்.

"இல்லம்மா, ஆஃப் பண்ணி வச்சிக்கிறோம். பழைய டி.வி. மாதிரி இல்ல, இதுல ஒதடே தெளிவா தெரியுது. இன்னாத்துக்கு தெண்டத்துக்கு கரண்டு? கேக்கறவங்க இங்க யாரு கீறாங்க?"

தரணி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். தெரு நாய்ச் சத்தம் இல்லை, காய்கறி வண்டி மைக் இல்லை, மிக்சி இல்லை. இவ்வளவு அமைதியான இடம் நகரியில் இருப்பதே அவளுக்குத் தெரியாது. மாடியிலிருந்து இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டாள். வாரம் திரும்புவதற்குள் அவளுடைய மேஜையும் கம்ப்யூட்டரும் மாடிக்குப் போயின. எண்பத்தைந்து இஞ்ச் கீழே ஹாலுக்கு வந்தது. தூக்கி இறக்கியதில் ஜெயபிரகாஷுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. உதடு பிரியாமல் முனகினான். இப்போதெல்லாம் அவன் அதிகம் சொல்வதில்லை.

ஹாலுக்கு வந்ததும் சுந்தரம்மா ஸ்பீக்கரைப் போட்டாள். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனால் புருஷனோடு சேர்ந்து பார்த்துப் பார்த்து, வீடு அதிராவிட்டால் சீரியல் பார்த்த திருப்தி வராது என்று ஆகிவிட்டிருந்தது. தெருமுனை டீக்கடைக்குப் பழையபடி மழை விவரம் போய்ச் சேர்ந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மேட்ச் நடந்தது. கங்கையாவும் வழக்கம்போல ஹாலில் ஆஜர். தரணிக்கு லீவு. கீழே வந்து மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீப்பர் பவுலரிடம் ஓடிப்போய் ஏதோ சொன்னான். கமெண்டரியில் அது வரவில்லை. தரணி பச்சையப்பனின் தோளைத் தட்டி, அவர் திரும்பும்வரை காத்திருந்து, நிதானமாகக் கேட்டாள்: "மாமா, அவன் இன்னா சொன்னான்?"

பச்சையப்பன் திரையைப் பார்த்தார், கங்கையாவைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார்.

"நம்ம பாஷைதாம்மா" என்றார். "ஆனா அதெல்லாம் பொம்பளைப் புள்ளைங்க முன்னாடி சொல்றதில்ல."

கங்கையாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. தரணி விடவில்லை. அவர் பக்கம் இன்னும் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "பரவால்ல, சொல்லுங்க மாமா" என்றாள்.