ஒரு வாய் இறங்காத தம்பி

எழுபதுகளின் நடுவில், மொன்றியலில் பத்தாம் வகுப்பு படித்தபோது, விருப்பப் பாடமாகக் குழந்தை வளர்ச்சியும் குடும்ப வாழ்க்கையும் எடுத்தேன். நான் எடுத்தேன் என்பது பொய். டாக்டர் படிப்புக்கு உதவும் என்று அப்பாதான் கையெழுத்துப் போட்டார். போய்ப் பார்த்தால், பொம்மைக்கு நாப்கின் கட்டி ஊக்கு குத்தச் சொன்னார்கள்.

பிறகு ஒரு வீட்டுப்பாடம். தெரிந்த குழந்தை ஒன்றை நான்கு வாரம் கவனிக்க வேண்டும். அதன் தாயிடம் கேள்வி கேட்டு, பதிலை அப்படியே எழுத வேண்டும். சொந்தக் கருத்து கூடவே கூடாது. எனக்கு எட்டு மாதத் தம்பி இருந்தான். தெருமுனையிலிருந்த, தெப்பனர் என்று அங்கே சொல்லும் சின்ன மளிகைக் கடைவரை தூக்கிப் போய்வந்தால் இடுப்பு கழன்றுவிடும், அவ்வளவு கனம்.

"என்னத்த சாப்பிடறான்? ஒரு வாய் இறங்கல. குச்சியாட்டம் இருக்கான்" என்றாள் அம்மா, இரண்டாவது கிண்ணம் பருப்புச் சாதத்தை அவனுக்கு ஊட்டிக்கொண்டே. தூக்கம்? "கண்ணே மூடறதில்ல." எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்.

டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வீட்டில் சாப்பாட்டுக்குக் கஷ்டமா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை, தம்பி நன்றாகத் தின்கிறான் என்றேன். அப்படியானால் அம்மா ஏன் இப்படிச் சொன்னார்? கண்பட்டுவிடும் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? கடைசியில், அம்மா பொய் சொல்கிறார் என்றேன். அது இன்னும் வம்பாகப் போயிற்று.

அடுத்த வாரம் ஒரு நர்ஸ் தராசோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா, பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று தம்பியின் சட்டையைப் பிடித்தபடியே நின்றாள். முள் ஓடிப்போய் நின்ற இடத்தைப் பார்த்து நர்ஸ் கைதட்டிச் சிரித்தார். இந்த மாதம் பார்த்ததிலேயே கொழுகொழு குழந்தை இவன்தான் என்றார். பயம் போய், அம்மாவின் முகம் வேறு மாதிரி கறுத்தது.

நர்ஸ் படி இறங்குவதற்குள் அம்மா உப்பும் மிளகாயும் எடுத்துத் தம்பியைச் சுற்றி, எலக்ட்ரிக் அடுப்பில் வாணலியை வைத்துப் போட்டாள். நெடி வராவிட்டால் கண்பட்டது நிஜம். "பாரு, நெடியே வரல" என்று என்மேல் பாய்ந்தாள். "சொன்னத அப்படியே போய் எழுதுவியா?"

"நீ சொன்னதத்தானேம்மா எழுதினேன்!"

"பெத்தவ வாயால நல்லா இருக்கான்னு சொல்லலாமாடி?"

எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. பக்கத்து ஊரான புரோசார்டில் எந்தத் தமிழ் டாக்டர் வீட்டுக்குப் போனாலும், "இவளுக்குப் படிப்பே ஏறல, சரியான மந்தம்" என்று அம்மா என்னைக் காட்டிச் சொல்வாள். நான் அவர்கள் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

"அப்ப, என்னை மந்தம்னு சொல்றதும்..." கேள்வியை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அம்மா புதிதாக ஒரு பிடி மிளகாய் எடுத்தாள். "உக்காரு" என்றாள். என் தலையை மூன்று முறை சுற்றி வாணலியில் போட்டாள். நெடி குப்பென்று ஏறியது. நான் இருமினேன்; அம்மா இன்னும் பலமாக இருமினாள். இருவர் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது.

"பாத்தியா," என்றாள் அம்மா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நெடியே வரல."