சண்டைக்கு வந்தவர் சேர்ந்த வகுப்பு

மின்துறை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, எங்கள் தீவின் பத்துபஸ்தியில் ஒரு சிறிய ஹாலில் ஞாயிறுதோறும் கதை எழுதக் கற்றுத்தரத் தொடங்கினேன். அதற்குள் என் மூன்று நாவல்கள் வெளிவந்திருந்தன. முதல் நாள் வந்தவர்கள் நாலே பேர். ‘காட்சி’ என்றால் என்னவென்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது ஐந்தாவதாக ஒருவர் நுழைந்தார். ரோடு காண்ட்ராக்டர் செல்வராஜ். கையில் என் மூன்றாவது நாவல்.

“சார், இதுல வர்ற காண்ட்ராக்டர் நான்தானே?”

“இல்லீங்க. முழுக்கக் கற்பனை.”

“கற்பனையா? சிப்பிகாட்ல போட்ட ரோடு மழையில போச்சுன்னு எழுதியிருக்கீங்க. என் பச்சை ஸ்கூட்டர்கூட வருதே! தேகோ, பாருங்க சார், ஹால் கமிட்டி சாவி என்கிட்டதான் இருக்கு. அடுத்த வாரத்துலேர்ந்து கிளாஸ் பந்த்!”

வேறு இடம் கிடைப்பது கஷ்டம். சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன்: “உங்க பக்கத்தை நீங்களே எழுதுங்க. இங்கேயே வாசிங்க. அப்புறம் பூட்டுங்க.”

அவர் முறைத்தார். “அச்சா. எழுதிக் காட்டுறேன்.”

மறுவாரம் எட்டுப் பக்கம் கொண்டுவந்து வாசித்தார். அதில் காண்ட்ராக்டர் கொட்டும் மழையில் ஒற்றை ஆளாக ரோட்டைக் காப்பாற்றினார். வகுப்பில் இருந்த நர்ஸ் ரேவதி கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டாள்: “அண்ணா, இந்த ஆளு எதுக்குமே பயப்பட மாட்டாரா?”

செல்வராஜ் தாள்களை மடித்தார். “ரோடு போன அன்னிக்கு நெஜமா என்ன பண்ணீங்க?” என்று நான் கேட்டேன்.

“வீட்டுக்குப் போகல சார். சாத்தம் படகுத்துறை ஜெட்டியில உக்காந்து போற வர்ற போட்டையே பாத்துட்டிருந்தேன். மெயின்லேண்டுக்கு ஓடிடலாம்னு தோணுச்சு. அப்புறம் பசிச்சுது. ரெண்டு சமோசா தின்னேன். தின்னதும் ஓடத் தோணல. மறுநாள் போய் ஜல்லி எறக்கிட்டேன்.”

எல்லோரும் சிரித்தோம். கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

“இதை எழுதுங்க” என்றேன்.

எழுதினார். அவர் அதை வாசித்த ஞாயிறன்று, சமோசா வரும் இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. ரேவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் நாவலில் அந்தக் காண்ட்ராக்டருக்கு நான் நாற்பது பக்கம் செலவழித்திருந்தேன். இவர் நாலு பக்கத்தில் அவருக்கு உயிர் கொடுத்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் நிறைய சந்தோஷமாகவும் இருந்தது. வகுப்பு இன்றும் நடக்கிறது. அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பும் வந்துவிட்டது.

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் புத்தகத்தைப் படித்துவிட்டு யாராவது சண்டைக்கு வந்தால் ஒளிந்துகொள்ளாதீர்கள். உட்கார வைத்துப் பேச விடுங்கள். அவர் உங்களைவிட நன்றாக எழுதிவிடக்கூடும். அதைக் கேட்டுக் கைதட்டுவதும் நம் தொழிலில் ஒரு வேலைதான்.