மாடியில் இரண்டு பேர்

முடிச்சூரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மதியச் சாப்பாடு முடிந்ததும் செத்துப்போனவரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். குடிவந்த பிறகுதான் எனக்கு அது தெரியும். தெரிந்த அன்றே ஓடியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்பு நான் படுத்த இடங்கள் ரயில்வே பாலத்தடி, ஆஸ்பத்திரி வராந்தா, லாரி ஷெட். பேய் வந்து போகும் வீடென்றாலும் இதற்குக் கதவும் தாழ்ப்பாளும் இருந்தன.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சூரத்தில் துணி மில், புனேயில் கட்டட வேலை, கொச்சியில் மீன் பெட்டி ஏற்றும் வேலை என்று சுற்றிவிட்டு, திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்திருந்தேன். வெல்டிங் வைத்த இடங்களை மெஷினால் தேய்த்து மழமழப்பாக்கும் வேலை. சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் இரும்புத் தூளாக வரும்.

வீட்டுக்கார அக்காவுடையது அந்த ஊரின் பழைய குடும்பம். நெல் விளைந்த நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றுவிட்டு, மிச்சம் வைத்த துண்டில் வீடு கட்டியிருந்தார்கள். கீழே அக்காவும் மகளும் நாலு வயதுப் பேத்தியும். மொட்டைமாடியில் இரண்டு அறைகள், நடுவில் தண்ணீர்த் தொட்டி. ஷீட் போட்ட அறை என்னுடையது. தளம் போட்ட அறையில் ஆப்பிரிக்காவிலிருந்து படிக்க வந்திருந்த ஓர் இளைஞன் இருந்தான். நாட்டின் பெயரைச் சொன்னான். எனக்கு மேப் பார்க்கத் தெரியாது. என்னை அண்ணா என்பான். ஊரில் சோள மாவில் கிளறித் தின்பதை இங்கே கேழ்வரகு மாவில் கிளறுவான். எனக்கும் ஓர் உருண்டை வைப்பான். நம்முடைய களிதான் அது; உப்புதான் குறைவு.

பெருவெள்ளத்தின்போது அக்காவின் கணவர் அந்த மாடியில்தான் இறந்தார். கீழே தண்ணீர் ஏறியதும் எல்லோரும் மேலே போயிருக்கிறார்கள். அவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. படகு வந்தபோது அவருக்கு அது தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு அக்கா மாடி ஏறுவதில்லை. துணியைக்கூடப் பின்வாசலில்தான் காயப்போடுவார்.

அவரைக் கூப்பிடக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்துத் தெருவில் இருந்த ரிடையர்டு வாத்தியார். எல்லோருக்கும் அவர் சார். துண்டில் சுற்றிய ஒரு டீ கிளாஸோடு ஸ்கூட்டரில் வருவார். அக்கா வீட்டுக் கேரம் போர்டைக் கவிழ்த்துப்போட்டால், அதன் பின்பக்கத்தில் அவர் மார்க்கரால் பொடிப்பொடியாக எழுதிய தமிழ் எழுத்துகள், உயிர்மெய் உட்பட, வட்ட வட்டமாக இருக்கும். ஒரு மூலையில் ‘ஆம்’, எதிர் மூலையில் ‘இல்லை’. கிளாஸை நடுவில் கவிழ்த்து, அதன்மேல் ஆளுக்கொரு விரல் வைப்பார்கள். ஆவி வந்தால் கிளாஸ் எழுத்து எழுத்தாக நகரும்.

விரல் வைக்க மூன்று பேர் வேண்டும். ஒருவர் செத்தவருக்குச் சொந்தம். ஒருவர் கூப்பிடத் தெரிந்தவர். மூன்றாமவர் அந்த வீட்டோடு எந்த உறவும் இல்லாதவர். அப்போதுதான் யாரும் வேண்டுமென்று தள்ளவில்லை என்பது உறுதியாகும் என்பார் சார். மூன்றாவது விரலாக வந்துகொண்டிருந்த எதிர்வீட்டு அம்மா வீடு மாறிப் போனதால் அக்கா என்னை உட்காரவைத்தார். வாடகைக்கு இருப்பவன் முடியாது என்று எப்படிச் சொல்வது?

ஃபேனை நிறுத்திவிடுவார்கள். ஜன்னலைச் சாத்துவார்கள். மூன்று விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். “நடுவுல துணி கூடாது, காத்துகூடப் பூரக் கூடாது. கரண்ட் மாதிரி இது” என்பார் சார். முதல் முறையே கிளாஸ் நகர்ந்தது. நான் தள்ளவில்லை. மற்றவர்கள் தள்ளினார்களா என்று இன்றுவரை தெரியாது. அந்தத் தெரியாததுதான் பயம்.

முடிந்ததும் காப்பி வரும். சார் பேசுவார்.

“ஆன்மாவுக்கு நிறமே கிடையாது. இங்க வெள்ளையா இருந்தவன் அடுத்த ஜென்மத்துல கருப்பாப் பொறக்கலாம். யாரை எளக்காரமாப் பாக்குறமோ அங்கதான் போய்ப் பொறப்போம். அதான் பாடம்.”

“செத்தவங்க அங்க எப்படி சார் இருப்பாங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கீழ்நிலை ஆவியெல்லாம் கருப்பாத் தெரியும். மேல போகப் போக வெளுத்துகிட்டே வரும்.”

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். “அப்போ எங்க ஊட்டுக்காரரு இன்னும் கீழதான் கீறாரா சார்? அவரு அட்டக்கருப்பாச்சே.”

“அது வேறம்மா” என்றார் சார். காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். நான் சிரித்துக்கொண்டே மாடிக்குப் போனேன். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

மழைக்காலம் முடியும் நேரத்தில் பேத்திக்குக் காய்ச்சல் வந்தது. விட்டுவிட்டு வந்தது, பிறகு விடவே இல்லை. தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் ஏதோ குறைந்துகொண்டே போகிறது என்றார்கள். மகள் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். அக்கா போவதும் வருவதுமாக இருந்தார். அந்த ஞாயிறு சாப்பிடாமலே போர்டின் முன் உட்கார்ந்தார்.

“பாப்பாவுக்கு யாராலன்னு கேளுங்க சார்.”

சார் கேட்டார். கிளாஸ் வெகுநேரம் அசையவில்லை. பிறகு கிரீச்சென்று நகர்ந்து ‘மா’வில் நின்றது. அங்கிருந்து ‘டி’க்கு வந்தது. அதோடு நின்றுவிட்டது.

“மாடி” என்றார் சார்.

அக்கா மேலே பார்த்தார். நானும் பார்த்தேன்.

“அவன்தான்” என்றார் அக்கா. “நான் அப்பவே நெனச்சேன் சார். பாப்பாவுக்கு முட்டாயி குட்த்தான். கன்னத்தத் தொட்டான். மூணாம் நாளு சுடுது ஒடம்பு.”

மிட்டாய் நானும் கொடுத்திருக்கிறேன். பாப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைவரைக்கும் போயிருக்கிறேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. சாரும் பார்க்கவில்லை.

அது தெருவுக்குப் போக அதிக நேரம் ஆகவில்லை. மறுநாள் டீக்கடையில் பைக்குகள்மேல் உட்கார்ந்திருந்த பையன்கள் என்னைக் கூப்பிட்டார்கள்.

“அண்ணா, உங்க மாடி நீக்ரோ ராத்திரில ஏதோ பூஜ பண்றானாமே?”

“களி கிண்டுறான்பா.”

“காமெடி பண்ணாதண்ணா. கொயந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னு வையி, நாங்க மேல ஏறிடுவோம். நீ கதவச் சாத்திகினு படுத்துக்க.”

“மச்சான், அவன் ஆறடி கீறான்டா. நீ ஏறு, நான் கீயேருந்து வீடியோ எடுக்கறேன்” என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். வடக்கே ஒரு ரயில் நிலையத்தில் ஒரு பெண்ணின் பை காணாமல் போனபோது, பிளாட்பாரத்தில் என்னைப்போல் கருப்பாக, அவர்கள் மொழி சரியாக வராமல் நின்ற ஆள் நான் ஒருவன்தான். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவன் காலரைப் பிடித்தான். கீழ்வரிசைப் பல் இரண்டை அங்கேதான் விட்டேன். பை அந்தப் பெண்ணின் தம்பியிடமே இருந்தது. அதற்காக யாரும் எனக்குப் பல் வாங்கித் தரவில்லை.

அந்த வாரம் முழுக்கப் படியில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று கேட்டபடியே இருந்தேன். அவனிடம் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: கீழே கோபமாக இருக்கிறார்கள், கொஞ்ச நாள் நண்பர்களிடம் போய் இரு. பரீட்சை இருக்கிறது, வேறு அறையும் தேடிப் பார்த்துவிட்டேன், என் முகத்தைப் பார்த்ததும் ‘டு லெட்’ போர்டை எடுத்துவிடுகிறார்கள் என்றான். அவனும் படிப்பக்கம் காதை வைத்துக்கொண்டுதான் பேசினான்.

அடுத்த ஞாயிறு அக்கா படிக்கட்டின் கீழே நின்று என்னைக் கூப்பிட்டார்.

“டேய், அவனையும் கூட்டினு வா. சாரு வரச்சொல்றாரு.”

அவனையும் விரல் வைக்கச் செய்யப் போகிறார்கள் என்று அக்காவே சொன்னார். அவன் விரல் பட்டும் கிளாஸ் நகர்ந்தால், செத்தவர் அவனை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். நகராவிட்டால் அவன்தான். இது சார் கண்டுபிடித்த வழி. சாரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவரும் பயந்துபோய்த்தான் இருந்தார். அவர் போட்ட போர்டுதானே அது.

நான் அவனுக்கு விளக்கினேன்.

“போகலன்னா?” என்று கேட்டான்.

மாடியிலிருந்து பார்த்தால் கேட் தெரியும். கேட்டுக்கு வெளியே பைக்குகள் நின்றன. அவனும் எட்டிப் பார்த்தான். உள்ளே போய், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, ஷூ போட்டுக்கொண்டு வந்தான். இன்டர்வியூவுக்குப் போகிறவன் போல இருந்தான். கீழே வாசலில் ஷூவைக் கழற்றிச் சுவரோரம் நேராக வைத்தான்.

நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்தோம். சாரின் விரல், என் விரல், அவன் விரல், அக்காவின் விரல். வட்டத்தில் அவனுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா. சாத்திய ஜன்னலின் இடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

“வந்துட்டீங்களா?” என்று சார் கேட்டார். “வந்திருந்தா நகருங்க.”

கிளாஸ் அசையவில்லை. சார் மறுபடி கேட்டார். என் முதுகில் வியர்வை வழிந்தது. ஜன்னல் பக்கம், “வரல மச்சான்” என்று ஒரு குரல் கேட்டது. கேட் திறக்கும் சத்தமும் கேட்டது.

அப்போதுதான் பார்த்தேன். அக்காவின் விரல் கிளாஸின்மேல் இருந்தது. ஆனால் அவன் விரலோடு ஒட்டவில்லை. நடுவே ஓர் அரிசி போகும் அளவு இடைவெளி.

சொன்னால் அறை போய்விடும் என்று நினைத்தேன். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

“சார், அக்கா விரல் படல.”

“படுதுடா” என்றார் அக்கா.

“படலக்கா. காத்துகூடப் பூரக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?”

சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். “கொஞ்சம் நெருக்கி வைங்கம்மா.”

அக்கா முந்தானை நுனியை விரலில் சுற்றினார்.

“துணி கூடாதும்மா.”

“இந்தக் கையாலதான சார் நாளைக்குப் பாப்பாவத் தூக்கணும்” என்றார் அக்கா. அவர் யாரையும் திட்டவில்லை. உண்மையாகவே பயந்தார். அவனைவிட அக்கா கருப்பில் கொஞ்சம்தான் குறைவு. அது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

அவனுக்குத் தமிழ் அதிகம் வராது. ஆனால் முந்தானையைப் பார்த்தே புரிந்துகொண்டான். விரலை எடுத்து, இரண்டு கைகளையும் விரித்து அக்காவிடம் காட்டினான்.

“அக்கா. சோப்பு. கை கழுவுச்சு. இப்போ.”

அவன் மறுபடி கிளாஸில் விரலை வைத்தான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, முந்தானையை உதறிவிட்டு, தன் விரலை அவன் விரலோடு ஒட்டினார். அவருடைய தோள் ஒருமுறை துள்ளி அடங்கியது.

கிளாஸ் நகர்ந்தது.

“இந்தப் பையனாலயா?” என்று சார் கேட்டார்.

அது நேராக ‘இல்லை’க்குப் போனது. அக்கா ஓவென்று அழுதார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் சார் வாத்தியார். கேள்வி கேட்டுப் பழகியவர்.

“அப்போ யாரால?”

கிளாஸ் திரும்பியது. போன வாரம் போன அதே பக்கம், ‘மா’வை நோக்கி மெதுவாக ஊர்ந்தது. என் விரல் சில்லிட்டுப்போனது. அதை எடுக்கவும் முடியவில்லை. எழுத்தைத் தொடும் முன் அக்காவின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மகள். காய்ச்சல் இறங்கிவிட்டதாம், பாப்பா இட்லி கேட்கிறாளாம். அக்கா போனோடு வாசலுக்கு ஓடினார். ஜன்னல் இடுக்கில் இருந்த கண் போய்விட்டது. சார் கிளாஸைத் துண்டில் சுற்றினார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த வாரமே அவன் பெட்டியைக் கட்டினான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் அவன் ஊர்ப் பையன்கள் சிலர் நெருக்கியடித்துத் தங்கியிருந்தார்கள். அங்கே தரையில் இடமிருந்தது.

“‘இல்லை’ன்னு வந்துருச்சே, இன்னும் என்ன?” என்று கேட்டேன்.

“இந்த சண்டே இல்ல” என்றான். “அடுத்த சண்டே?”

பெட்டியை இரண்டு பேருமாக இறக்கினோம். ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, வெகுநாளாகச் சொல்ல நினைத்ததைச் சொல்பவன்போலச் சொன்னான்.

“அண்ணா, மாடில ரெண்டு பேர்.”

வண்டி கிளம்பிவிட்டது.

பாப்பா வீட்டுக்கு வந்தாள். அக்கா எல்லோருக்கும் கேசரி கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

“ஞாயித்துக்கெழம வந்துடு. அவரு பாதியிலயே நின்னுட்டாரு. யாராலன்னு சொல்லாமலே பூட்டாரு. மறுபடி கேக்கணும்னு சாரு சொல்றாரு.”

“சரிக்கா” என்றேன்.

மேலே போனேன். அவனுடைய அறைக் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. தொட்டியின் இந்தப் பக்கம் என் அறை. மாடியில் இப்போது நான் ஒருவன்தான் இருந்தேன். கேசரி ஆறும்வரை அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கொடியில் கிடந்த என் சட்டைகளை எடுத்துப் பையில் வைக்கத் தொடங்கினேன்.