ஔ-வுக்கு அடுத்த பலகை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். லேபர் கேம்ப்பில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் துபாய்ப் பக்கம் புஜைராவில் நடந்ததை நடக்கவில்லை என்று என் வாயால் சொல்லவைக்க எவனாலும் முடியாது. சிரிக்கிறதானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்துப் பக்கம், ஹோட்டலை ஒட்டி, கப்பல்காரர்கள் வந்து குடித்த பழைய பார். வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. பழைய தோற்றம் மாறாமல் புதுப்பிக்கச் சொல்லி எங்கள் கம்பெனிக்கு வேலை வந்தது. நான் தச்சன், புதுக்கோட்டைப் பக்கம். நீளமான கவுன்ட்டர் என் பொறுப்பு. உடைத்த கப்பலின் தேக்கில் செய்தது என்றார்கள், தட்டினால் அப்படி ஒரு சத்தம்! மேல்பலகைகளைக் கழற்றி, இழைத்து, பாலிஷ் போட்டு, அதே வரிசையில் பூட்ட வேண்டும். வரிசைக்காக அடிப்பக்கத்தில் பென்சிலால் அ, ஆ, இ என்று எழுதுவேன். தலைகீழாகிவிடக் கூடாது என்று எழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுப்பேன். அந்த சைட்டில் தமிழ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். பன்னிரண்டு பலகை, ஔ-வோடு முடிந்தது.

திரும்ப அடுக்கினால் கடைசியில் ஒரு பலகை அகலத்துக்கு ஓட்டை. ஃபோர்மேன் ஜோஸ், மலையாளி, போனில் பழைய போட்டோவைக் காட்டினார். அதில் பதிமூன்று.

"ஒண்ணு எவிடே?"

"நான் கழட்டினது பன்னெண்டுதான் சார். சத்தியமா."

"பலக வரட்டும். அதுவரெ லீவு மாஃபி."

பலகை வந்தால்தான் லீவாம். ஊரில் மனைவிக்கு ஒன்பதாவது மாசம், தலைப்பிரசவம். டிக்கெட் போட்டாகிவிட்டது. எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்குப் போனார்கள். நான் போகவில்லை. கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு, காலி பாரைப் பார்த்துக் கத்தினேன்.

"எவனா இருந்தாலும் சரி, எடுத்ததக் கொண்டாந்து வைடா! எம்புள்ள மொகத்த நான் பாக்கணும்!"

கத்தியதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. பாருக்குள்ளேயே பின்பக்கம் இருந்த குழாயில் முகம் கழுவிவிட்டு வந்தேன். ஓட்டை இல்லை. பதிமூன்றாவது பலகை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது, பாலிஷ் உட்பட. தாழ் போட்டது போட்டபடி இருந்தது.

எடுத்துத் திருப்பினேன். பென்சிலில் மூன்று சின்ன வட்டம், கீழே கோடு. ஔ-வுக்கு அடுத்த எழுத்து ஃ தானே? ஆனால் இது தலைகீழ். மேலே இரண்டு, கீழே ஒன்று, அந்தக் கீழ் வட்டமும் முழுதாக மூடவில்லை.

ஜோஸ் வந்து பார்த்தார். "இத்ர நேரம் எவிடே ஒளிச்சு வச்சே?" நான் வைக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன், இன்றுவரை அதையேதான் சொல்கிறேன். "கலாஸ், வேல முடிஞ்சு, நாட்டுக்குப் போ" என்று லீவுப் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நான் நின்றேன். அது போதும் எனக்கு. பயமெல்லாம் கிடையாது.

இப்போது நான் சவூதியில், ஜுபைலில். மகள் யுகேஜி. போன வாரம் வீடியோ காலில் உயிரெழுத்து எழுதிக் காட்டினாள். ஔ வரைக்கும் அழகு. ஃ மட்டும் எத்தனை தடவை திருத்தினாலும் தலைகீழாகவே போடுகிறாள் என்று அவள் அம்மா அலுத்துக்கொண்டாள். மேலே இரண்டு வட்டம், கீழே மூடாத ஒன்று.

எழுதி முடித்து, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, அதன் கீழே ஒரு கோடு இழுத்தாள்.