தம்பி பூசிய செங்காவி அறை

என் தம்பி கருத்தக்கண்ணனுக்கு வீடுகளுக்கு வர்ணம் பூசுவதுதான் தொழில். அந்த நாளில் தேனி பஜாரில் அவனைப் போலச் சுவருக்கு நிறம் பார்க்கத் தெரிந்தவர் இல்லை. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. அவனுக்குச் சுண்ணாம்பு கரைத்துக் கொடுத்தவள் நான். ஈரத்தில் தெரிகிற நிறத்தை அவன் நம்பமாட்டான். ஓட்டுத்துண்டில் பூசி, வெயிலில் காயவைத்து, அதை அந்த அறைக்குள்ளேயே கொண்டுபோய்ப் பார்த்த பிறகுதான் வர்ணம் பூசுகிற நார்மட்டையைத் தொடுவான். வெளிச்சம் வராத அறைக்கு இளமஞ்சள். மேற்கு வெயில் அடிக்கிற அறைக்கு வெளிர்நீலம். காவிக்குப் பக்கத்தில் வெள்ளை பூசினால் அந்த வெள்ளை லேசாகப் பச்சை காட்டும் என்பதையும் அவன்தான் எனக்குக் காட்டினான்.

1937 தை மாதம் பலசரக்குக் கடை வைகுண்டராஜ் முதலாளி எங்களைக் கூப்பிட்டனுப்பினார். அவருடைய முதல் மனைவி கிருபாவதி இறந்து இரண்டு வருஷம். நோயில் கிடந்த காலமெல்லாம் அந்த அம்மாள் படுக்கையறைச் சுவரில் எண்ணெய்த் தலையைச் சாய்த்தே உட்கார்ந்திருந்தார். தலையும் தோளுமாக அங்கே ஒரு கறை. புதிதாக இரண்டாம் தாரமாக வந்த சொர்ணலதா, கறை போகாவிட்டால் தேவதானப்பட்டிக்கு, பிறந்த வீட்டுக்கே போய்விடுவதாகப் பெட்டியைக் கட்டி வைத்திருந்தார்.

“மூணு தரம் வெள்ளையடிச்சாச்சுலே. மூணாம் நாள் திரும்ப வந்து உக்காந்துக்கிடுதா,” என்றார் முதலாளி.

“ஒரு படத்த மாட்டி மறைச்சிருக்கலாமே மொதலாளி?”

“மாட்டினேன். இப்பப் படத்துலயும் எண்ணெ.”

தம்பி சிரிக்கவில்லை. முடிச்சுப் போட்ட நூலால் கறையை அளந்தான்: தரையிலிருந்து எவ்வளவு, ஜன்னலிலிருந்து எவ்வளவு என்று.

“வெள்ளதான் இதக் காட்டிக் குடுக்குது மொதலாளி. செவரே கறை நெறத்துல இருந்தா, கறைய எங்கன தேட?”

ஏழு ஓட்டுத்துண்டு காயவைத்து, கறையின் பழுப்போடு ஒத்துப்போன செங்காவியைத் தேர்ந்தெடுத்தான். நான்கு சுவரிலும் ஆள் உயரத்துக்குக் காவி, அதற்கு மேலே வெளிர்நீலம். காய்ந்தபோது, கறை இருந்த இடத்தை எனக்கே காட்டத் தெரியவில்லை.

எட்டாம் நாள் சொர்ணலதா ஆளனுப்பினார். போனோம். எந்தச் சுவரிலும் முதுகு படாமல், அறைக்கு நட்டநடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, பழையபடி வெள்ளையே அடிச்சிருங்க.”

“ஏன் தாயி, கறை தெரியுதா?”

“தெரியல. அதான் பயமா இருக்கு. முன்னால அவுக ஒரு எடத்துல இருந்தாக. நான் அந்தப் பக்கம் திரும்பாம இருந்துக்கிட்டேன். இப்ப எந்தப் பக்கம் திரும்பக் கூடாதுன்னு தெரியல.”

நான் சுற்றிப் பார்த்தேன். நான்கு சுவரும் கிருபாவதி அம்மாளின் தலை சாய்ந்த நிறத்திலேயே இருந்தன. முக்காலிக்குப் பக்கத்தில் நகர்ந்து நின்றுகொண்டேன்.

தம்பி காவியைச் சுரண்டி எடுத்துவிட்டு வெள்ளை அடித்தான். மூன்றாம் நாள் கறை வந்தது. போய்ப் பார்த்தோம்.

“இங்கனதான் இருக்காக,” என்று சொர்ணலதா மூச்சுவிட்டார். பெட்டியைப் பிரித்துச் சேலைகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டார்.

தம்பி மட்டும் நூலை எடுத்து அளந்தான். தரையிலிருந்து அதே முடிச்சுக்கு வந்தது. ஜன்னலிலிருந்து வரவில்லை. கறை ஒரு சாண் தள்ளி, கட்டில் பக்கமாக இருந்தது. நூலை வாங்கி நானும் அளந்தேன். ஒரு சாண்தான்.

அவன் நூலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, நிறம் பார்த்துச் சொல்கிற அதே குரலில் சொன்னான்:

“கட்டில எதுத்த செவரு ஓரமாத் தள்ளிப் போட்டுக்கங்க தாயி. அங்கனதான் வெளிச்சம் நல்லா விழும்.”