பம்புக்கு முதல் தண்ணீர்

எங்கள் கம்பெனி பம்பை உத்திரமேரூரில் முதன்முதலாக ஓட்டிக் காட்டியபோது ஜனங்கள் சிரித்தார்கள்.

பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தி, இரண்டு பெரிய அண்டாக்களை வைத்திருந்தோம். ஒன்றிலிருந்து இழுத்த தண்ணீரை இன்னொன்றில் கொட்டி, அங்கிருந்து மறுபடியும் முதல் அண்டாவுக்கே விட்டோம். ஆயில் இன்ஜின் நன்றாக ஓடியது. தண்ணீர் கனமாக விழுந்தது. மேனேஜர் ஒலிபெருக்கியில் குதிரைசக்தி, கேலன் கணக்கு என்று பேசிக்கொண்டிருந்தார். நான் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு வந்தேன். முன்வரிசையில் கூடையோடு நின்ற ஓர் அம்மாள் என் கையிலிருந்த நோட்டீஸை வாங்காமல் கேட்டார்.

"இன்னாம்மா, அந்தத் தண்ணியே சுத்திக்கினு கீது? அண்டாவுல நெல்லு வெளையுமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதனால்தான் அந்தக் கேள்வி என் மனத்தில் நின்றது.

நான் விற்பனைப் பகுதியைச் சேர்ந்தவள் அல்ல. பாலிடெக்னிக்கில் இயந்திர வரைபடம் படித்துவிட்டு, கம்பெனியின் டிராயிங் ஆபீசில் பம்பு படங்களுக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் நோட்டீஸ் கொடுத்தால் கூட்டம் சேரும் என்று என்னைக் கூட்டிவந்திருந்தார்கள். கூட்டம் சேர்ந்தது. ஆனால் ஒருவர்கூட எங்கள் உள்ளூர் விற்பனை ஏஜெண்டிடம் போய்ப் பேசவில்லை.

வேன் கிளம்புமுன் அந்த அம்மாளைத் தேடிப் பிடித்தேன். மாகறல் போகிற பாதையில் அவருக்கு அரைக்காணி நிலமும் ஒரு கிணறும் இருந்தன. கணவர் இல்லை. ஏரியில் அந்த வருஷம் தண்ணீர் இல்லை. கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைக்க வைத்திருந்த மாடுகளில் ஒன்று செத்துப்போனதால் இன்னொன்றையும் விற்றுவிட்டார். நெல் கதிர் விடுகிற நேரம். வாடகை மாடு கிடைக்கிற நாளில்தான் பயிருக்குத் தண்ணீர்.

வாலாஜாபாத் வருவதற்குள் வேனிலேயே பட்டியல் எழுத ஆரம்பித்துவிட்டேன். எனக்கு எதையும் எண் போட்டு எழுதினால்தான் யோசனை ஓடும். முதலில் எழுதியது, தண்ணீர் எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கும்படி இருக்க வேண்டும். அடுத்தது, வந்தவர்களுக்குக் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். மூன்றாவது, பேச்சு ஐந்து நிமிஷம்.

இரண்டாவதுதான் கஷ்டம். பம்பு ஓடும்போது கூட்டத்துக்கு என்ன வேலை? ஆபீசில் பம்பின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விடை கிடைத்தது. இந்த வகைப் பம்பு உள்ளே காற்று இருந்தால் தண்ணீரை இழுக்காது. ஓட்டுமுன் அதன் வயிற்றையும் கிணற்றில் இறங்கும் குழாயையும் தண்ணீரால் நிரப்ப வேண்டும். ஊற்றிய தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கிவிடாமல் குழாயின் அடியில் ஒரு வால்வு பிடித்துக்கொள்ளும். எங்கள் மெக்கானிக் இதை யாருக்கும் தெரியாமல் வாளியால் ஊற்றி முடித்துவிடுவார். அதையே நிகழ்ச்சியாக்கினால்? குழாயின் கொள்ளளவைக் கணக்குப் போட்டேன். இரண்டு மண்ணெண்ணெய் டின் அளவு வந்தது. சொம்புக் கணக்கில் முப்பத்தைந்து, நாற்பது. வீட்டுக்கு ஒரு சொம்பு.

மேனேஜர் பட்டியலை இரண்டு தரம் படித்தார்.

"ஒரு தடவை உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள். சரியாக வரவில்லை என்றால் டிராயிங் போர்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அப்புறம் விற்பனைப் பக்கம் பெண்களை அனுப்பச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கக் கூடாது."

சரி என்றேன்.

நிகழ்ச்சியை அந்த அம்மாளின் கிணற்றில் வைப்பது ஏஜெண்டுக்குப் பிடிக்கவில்லை. அவருடைய மாமாவின் பெரிய கிணற்றில் வைத்தால் ஊரே வரும் என்றார். அவர் மாமா வயல் பச்சையாகத்தானே இருக்கிறது, அங்கே தண்ணீர் பாய்ந்தால் யார் மனசு குளிரும் என்று கேட்டேன். முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டு, ஊருக்குள் 'வீட்டுக்கு ஒரு சொம்பு' நோட்டீஸைக் கொடுக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். முதல்நாளே போய் முடிச்சுப் போட்ட கயிற்றை விட்டுக் கிணற்றின் ஆழம் அளந்தேன். பம்பு இழுக்கக்கூடிய ஆழம்தான். கிணற்று மேட்டைக் கெட்டியாக்கினோம். வாய்க்காலைச் சரிசெய்தோம். பட்டியலில் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் கோடு போட்டேன்.

மறுநாள் காலை வந்தவர்களைப் பார்த்ததும் என் கணக்கைவிடக் கூடுதலாகவே நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது. நான் கேட்டது ஒரு சொம்பு தண்ணீர். அவர்கள் கொண்டுவந்தது அபிஷேகத்துக்குக் கொண்டுவருகிற மாதிரி. தேய்த்து வைத்த பித்தளைச் சொம்புகள். மஞ்சள் கரைத்த தண்ணீர், மேலே சாமந்தி இதழ், வேப்பிலை. ஒருவர் குங்குமம் எடுத்து பம்புக்கு வைத்துவிட்டு, அந்தச் சூட்டோடு என் நெற்றியிலும் வைத்தார். வரிசையில் நின்று ஒவ்வொருவராக ஊற்றினார்கள். எங்கள் அண்டாக்களைப் பார்த்துச் சிரித்தவர்களிலும் சிலர் அந்த வரிசையில் இருந்தார்கள். மேனேஜர் பேச எழுதிவைத்திருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு செய்கை எனக்குப் போதுமாக இருந்தது.

கடைசிச் சொம்பை நிலத்துக்கார அம்மாள் ஊற்றினார். மெக்கானிக் கைப்பிடியைச் சுற்றினார். இன்ஜின் ஓடியது. தண்ணீர் வரவில்லை.

மறுபடி சுற்றினார். புகை வந்தது. ஏஜெண்ட் என்னைப் பார்த்த பார்வையில் அவர் மாமாவின் கிணறு தெரிந்தது. பம்பின் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஊற்றிய தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அடி வால்வு மூடவில்லை. நான்கு பேர் ரப்பர் குழாயைக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். மெக்கானிக் வால்வைத் திறந்து விரலை விட்டார். சாமந்தி இதழ்களும் ஒரு வேப்பிலைக் காம்பும் வந்தன.

"இது பம்பா, கோயில் கொளமா?" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்கு முகம் சூடானது. ஊற்றுகிற வாயில் ஒரு வடிகட்டித் துணி கட்ட வேண்டும் என்பது என் பட்டியலில் இல்லை.

வால்வைக் கழுவி, குழாயைத் திரும்ப இறக்கினோம். ஆனால் சொம்புகள் காலியாகிவிட்டன. மெக்கானிக் வாளியையும் கயிற்றையும் எடுத்தார். கிணற்றிலிருந்து நாலு வாளி இறைத்து ஊற்றினால் வேலை முடிந்தது. அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்த வாளியைப் பார்த்ததும் இது ஊருடையதாக இல்லாமல் மறுபடியும் எங்கள் கம்பெனி பம்பாகிவிடும் என்று தோன்றியது.

அப்போதுதான் வரப்பைப் பார்த்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சொம்பும் குடமுமாக நின்றிருந்தார்கள். ஊருக்கு வெளியே தள்ளி இருக்கும் காலனிப் பெண்கள். இந்த வயலில் நாற்று நட்டவர்கள், களை எடுத்தவர்கள். வந்ததிலிருந்து அங்கேயே நிற்கிறார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை, நானும்தான். 'வீட்டுக்கு ஒரு சொம்பு' என்று எழுதினேனே தவிர எந்த வீடுகள் என்று எழுதவில்லை. ஏஜெண்ட் தனக்குத் தெரிந்த வீடுகளுக்கு மட்டும் நோட்டீஸ் கொடுத்திருந்தார்.

மெக்கானிக்கிடம் வாளியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு வரப்புக்குப் போனேன்.

"நீங்க வந்து ஊத்துறீங்களா?"

முன்னால் நின்ற பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்களுக்கு நோட்டீசு வர்ல. கேள்விப்பட்டு வந்தோம். எங்க தண்ணில பூவெல்லாம் இல்லம்மா, வெறுந் தண்ணிதான்."

"அதுதான் வேணும். நோட்டீஸ் குடுக்காதது என் தப்பு."

அவர்கள் வாய்க்காலைத் தாண்டி வந்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர், எல்லாரும் ஊற்றிய இடத்தில் இவர்களும் ஊற்றுவதா என்று பொதுவாகக் கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். அது என் வயல் இல்லை.

நிலத்துக்கார அம்மாள் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். "இன்னாத்துக்குக் கேக்கற? நட்டது இவளுங்கதானே. அப்போ நீ வந்து நின்னியா? என் பயிரு காயுது. ஊத்து, பொண்ணு."

என் கைக்குட்டையைப் பம்பின் வாயில் விரித்துப் பிடித்தேன். பத்துப் பன்னிரண்டு பேரும் ஊற்றினார்கள். கடைசிக் குடம் காலியாகுமுன் பம்பின் வாய் நிரம்பி வழிந்தது. வால்வு பிடித்துவிட்டது என்று மெக்கானிக்குக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

கைப்பிடி சுழன்றது. குழாய் ஒரு முறை கனைத்தது. உள்ளே தங்கியிருந்த சாமந்தி இதழ்கள் முதலில் வெளியே வந்து விழுந்தன. அதன் பின்னால் தண்ணீர், கை பருமனுக்கு, நிற்காமல். வாய்க்காலில் இறங்கியதும் கூட்டம் அதோடு கூடவே நடந்தது. இரண்டு பேர் மண்வெட்டியால் மடை திறந்தார்கள். வெடித்திருந்த மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் கேட்டது. ஊர்ப் பெரியவர் கிளம்பிப் போய்விட்டார். மற்றவர்கள் போகவில்லை. அந்த அம்மாள் வரப்பில் உட்கார்ந்து, தண்ணீர் கடைசி மூலைக்குப் போய்ச் சேரும்வரை எழுந்திருக்கவில்லை. மேனேஜர் யாரையும் கேட்காமலே பம்பை மூன்று நாள் அங்கேயே விட்டுவைத்தார். பயிர் பிழைத்தது.

திரும்பி வருகையில் மேனேஜர் என் பட்டியலைக் கேட்டு வாங்கினார். அதற்குள் இரண்டு வரி சேர்த்திருந்தேன். வடிகட்டித் துணி. காலனிக்கும் நோட்டீஸ், நேரில் போய். அவர் முதல் வரிக்குத் தலையாட்டினார். இரண்டாவதைப் பார்த்துவிட்டு, "இதை ஏஜெண்டுகளிடம் யார் சொல்வது?" என்றார்.

"நான் சொல்கிறேன்" என்றேன்.

மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் டிராயிங் போர்டில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். புள்ளலூர்ப் பக்கம், வாலாஜாபாத் பக்கம் என்று எங்கே போனாலும் நிகழ்ச்சியைப் பட்டியலில் உள்ளபடிதான் நடத்துகிறேன். பூ கொண்டுவர வேண்டாம் என்று மட்டும் எழுதுவதில்லை. துணி கட்டிக்கொள்கிறோம், பூ மேலே நின்றுகொள்ளும்.

கம்பெனியின் பெயரை வேனின் இரண்டு பக்கமும் ஆள் உயர எழுத்தில் எழுதியிருக்கிறோம். அந்தப் பெயரை இந்தப் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. ஏஜெண்டிடம் வந்து, "அந்த சொம்புத் தண்ணி பம்பு வந்துகீதா?" என்று கேட்கிறார்கள். மேனேஜருக்கு இதில் இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு. எனக்கு இல்லை.