பனடோல் கொடுத்த காலை

வட்டவளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மெரினா மூன்றாம் வகுப்பு டீச்சர். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, அதே பள்ளியில் படித்தவர். படித்த காலத்தில் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை என்று வகுப்பில் அடிக்கடி சொல்வார். பிள்ளை வரவில்லையென்றால் வீட்டுக்குப் போன் எடுத்துவிடுவார். கொழுந்து எடுக்கும் தாய்மாருக்கு அந்த அழைப்பென்றாலே பயம்.

அந்த வாரம் தனுஷிகா இரண்டு நாள் வரவில்லை. அவளுடைய அம்மா நாகலெட்சுமியைப் போனில் பிடித்தார் மெரினா.

"காய்ச்சலுங்க டீச்சர். விட்டுவிட்டு வருது."

"இந்த மழைக்கு எல்லாப் புள்ளைக்குந்தான் சளி. இதுக்கெல்லாம் நிப்பாட்டுனா எப்புடிங்க? மருந்து எடுத்த துண்டுச் சீட்டு இருந்தா கொண்டாந்து காட்டுங்க."

மறுநாள் காலை மெரினாவின் மகன் நிதுஷன் எழும்ப மாட்டேன் என்றான். அதே பள்ளியில் முதலாம் வகுப்புக்காரன். கழுத்தைத் தொட்டால் சுட்டது. அவன் அப்பா றிச்சர்டுக்குக் கொழும்பில் வேலை. வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. அன்றைக்கென்று வகுப்பைப் பார்வையிட வெளியிலிருந்து அதிகாரிகள் வருவதாக இருந்தது. மெரினா பனடோல் சிரப்பைக் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். சூடு கொஞ்சம் இறங்கியதும் தொப்பியை மாட்டிக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். போகிற வழியெல்லாம் அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

பாடம் ஓடவில்லை. முதலாம் வகுப்புக்கும் அவருடைய வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். அந்தப் பக்கம் யார் இருமினாலும் கை நின்றுபோனது. ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று கரும்பலகையில் எழுதினார். ஒரு பிள்ளை எழும்பித் திருத்தியது. மூன்று முறை வெளியே போய் எட்டிப்பார்த்துவிட்டு வந்தார்.

பத்து மணிக்கு முதலாம் வகுப்பு டீச்சர் வினோதாவின் சத்தம் கேட்டது. "மெரினா, ஓடியாங்க! தம்பி வாந்தி எடுக்குறான்!"

மெரினா ஓடினார். நிதுஷனைத் தாங்கிப் பிடித்திருந்தது நாகலெட்சுமி. மருந்துச் சீட்டைக் காட்டுவதற்காக மழையில் நனைந்துகொண்டே வந்தவர், வாசலில் பையன் குனிந்து நிற்பதைக் கண்டு ஓடிப்போய்ப் பிடித்திருந்தார்.

"மேலு கொதிக்குதுங்களே டீச்சர். காலையிலயே இருந்திச்சுங்களா?"

மெரினா இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. "இருந்திச்சு," என்றார்.

நாகலெட்சுமி மேசையில் சீட்டை வைத்துவிட்டு, தண்ணீர் எடுத்துவந்து தரையைக் கழுவினார். வேண்டாம் என்று மெரினா தடுத்தும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க மெரினாவால் முடியவில்லை.

அரைநாள் லீவு போட்டு மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "பனடோல் சூட்டைத்தான் இறக்கும், நோயை இல்ல," என்றார் டொக்டர். "மருந்தில்லாம ஒரு முழு நாள் காய்ச்சல் வராம இருந்தா அனுப்புங்க. வாந்தியும் நிக்கணும்." அதிகாரிகள் அன்றைக்கு வரவேயில்லை என்று வினோதா பிறகு சொன்னார்.

நிதுஷன் நாலு நாளில் தேறிவிட்டான். ஆனால் அதற்குள் வகுப்பில் அவன் பக்கத்தில் உட்காரும் கஜேந்திரன் காய்ச்சலில் படுத்துவிட்டான். அவன் அம்மா பேச்சியம்மாவைத் தேடி மெரினா லயத்துக்கே போனார்.

"நாந்தாங்க காய்ச்சலோட மகனக் கூட்டியாந்தேன். தெரிஞ்சேதான் கூட்டியாந்தேன்."

பேச்சியம்மா பையனின் போர்வையைச் சரிசெய்தபடியே சொன்னார்: "இப்ப சொல்லி என்னங்க டீச்சர்."

அடுத்த இரண்டு நாளும் மெரினாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கஜேந்திரன் எழும்பிக் கஞ்சி குடித்தான் என்று சேதி வந்த பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கியது.